ரேஷன் அரிசியில் என்ன கௌரவக் குறைச்சல்?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவருக்கு சிப்காட்டில் ஒப்பந்த வேலை. பையன் அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு, பெண்ணுக்கு இரண்டரை வயது. வாடகை, கரண்ட் பில், சீட்டுப் பணம் போக சாப்பாட்டுக்கு 4,500 ரூபாய்தான் நிற்கிறது. அதில் பொன்னி அரிசி மூட்டைக்கு 1,400, பிள்ளைகள் பாலில் கலந்து குடிக்கிற சத்து பானத்துக்கு 400 போய்விடும். ரேஷனில் 20 கிலோ அரிசி வருகிறது, வாடை அடிப்பதால் மாவாட்டக் கொஞ்சம் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கோழி வளர்ப்பவர்களுக்குக் கொடுத்துவிடுகிறேன். பள்ளியில் சாப்பிட்டால் சொந்தக்காரர்கள் ஒரு மாதிரி பேசுவார்கள் என்று பையனுக்கு டிபன் கட்டித்தான் அனுப்புகிறேன். 20-ம் தேதிக்கு மேல் ரசமும் ஊறுகாயும்தான். பெண்ணுக்கு ரத்தம் குறைவு என்கிறார்கள். இந்தக் காசில் சத்தாகச் சாப்பிட வழி உண்டா? பாலை நிறுத்திவிடலாமா?
- ஒரு வாசகி, கடலூர்

பதில்:

வழி உண்டு தங்கச்சி. உங்கள் கடிதத்திலேயே அது இருக்கிறது. அரிசிக்கு 1,400, பானத்துக்கு 400, ஆக 1,800 ரூபாய், அதாவது சாப்பாட்டுக் காசில் நூற்றுக்கு நாற்பது பங்கு, நீங்கள் வாங்கியே தீரவேண்டிய அவசியம் இல்லாத இரண்டு பொருளுக்குப் போகிறது. சோறு அரசாங்கத்திடமிருந்து வந்துவிடுகிறது. உங்கள் காசு முழுக்க சோற்றுக்குப் பக்கத்தில் வைக்கிற பொருளுக்குத்தான் போக வேண்டும், பருப்பு, முட்டை, மீன், கீரை, இவ்வளவுதான்.

முதலில் அந்த அரிசியைப் பார்ப்போம். ரேஷன் அரிசியைத் தட்டில் பரப்பிப் பார்த்தால் நடுநடுவே கொஞ்சம் நிறம் மாறி, தண்ணீரில் போட்டால் மிதக்கிற அரிசி தெரியும். பிளாஸ்டிக் அரிசி என்று சொல்லி நிறையப் பேர் அதைப் பொறுக்கி எறிகிறார்கள். தயவுசெய்து எறியாதீர்கள். அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி வடிவத்திலேயே செய்து, நூறு அரிசிக்கு ஒன்று என்ற கணக்கில் கலக்கிறார்கள், அதுதான் செறிவூட்டப்பட்ட அரிசி. உங்கள் பெண்ணுக்கு எது குறைவு என்கிறார்களோ அதைத்தான் நீங்கள் கோழிக்குப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள் (தலசீமியா மாதிரி ரத்தம் சம்பந்தப்பட்ட நோய் உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டுச் சாப்பிட வேண்டும்).

வாடைக்கு வழி இருக்கிறது. வாங்கி வந்ததும் மூட்டையிலேயே வைக்காமல் முறத்தில் பரப்பி நிழலில் ஆறவிடுங்கள். சமைக்கும்போது இரண்டு தண்ணீரில் அலசி, அரைமணி நேரம் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கொதிக்கிற உலையில் போடுங்கள். தேய்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டாம், சத்தும் கூடப் போகும். வடித்த கஞ்சியில் உப்புப் போட்டு சூடாகக் குடிக்கலாம். ராத்திரி மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் பழையது, இரண்டு சின்ன வெங்காயம், கொஞ்சம் மோர், முந்தின நாள் மீன் குழம்பு இருந்தால் அப்புறம் கேட்கவே வேண்டாம்.

அப்புறம் பையன். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, அடுத்த வருஷமே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்துவிட்டது, ஐந்தாம் வகுப்பு வரைக்கும் உண்டு. மதியம் சத்துணவு, வாரத்தில் ஐந்து நாளும் முட்டையோடு. அவன் அங்கே சாப்பிட்டால் பள்ளி நாட்களில் இரண்டு வேளைச் செலவு வீட்டுக்கு மிச்சம், டிபன் பாக்ஸில் தினமும் முட்டை வைத்து அனுப்ப இப்போது உங்களால் முடிகிறதா, சொல்லுங்கள். சொந்தக்காரர்கள் பேசுவார்கள்தான். 20-ம் தேதிக்கு மேல் உங்கள் வீட்டில் குழம்பு இல்லாமல் இருப்பது அவர்களுக்குத் தெரியுமா? அந்தப் பேச்சுக்குப் பயந்து நீங்கள் கட்டுகிற விலை ரொம்ப அதிகம். அது வரி மாதிரி எனக்குத் தெரிகிறது, அதைக் கட்டுவது உங்கள் பிள்ளைகளின் தட்டு. எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமாக இருந்தது உங்கள் கடிதத்தில் அந்த இடத்தைப் படித்தபோது.

பானத்தை இந்த மாதமே நிறுத்துங்கள். அதன் ருசியில் பெரும்பங்கு சர்க்கரைதான். பெண்ணுக்கு அங்கன்வாடியில் சத்துமாவு இலவசமாகக் கொடுக்கிறார்கள், கோதுமை, கேழ்வரகு, வெல்லம் எல்லாம் சேர்ந்த மாவு. வாங்குகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. வாங்கவில்லை என்றால் நாளைக்கே போய்ப் பெயர் கொடுங்கள். கட்டியில்லாமல் கரைத்துக் கஞ்சியாக்கலாம், உருண்டை பிடிக்கலாம், கொஞ்சம் தேங்காய்த் துருவல் சேர்த்துக் கொழுக்கட்டையாக வேகவைத்தால் பையனும் பிடுங்கித் தின்பான்.

இப்போது கையில் 1,800 இருக்கிறது. ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25 ரூபாய், மாத ஆரம்பத்திலேயே போய் வாங்கிவிடுங்கள், தள்ளிப்போட்டால் ஸ்டாக் தீர்ந்துவிடும். ஒரு கிலோ பருப்பு நாலு பேருக்கு மாதம் முழுக்கப் போதாது. கறுப்புக் கொண்டைக்கடலை, பாசிப்பயறு, காராமணி, கொள்ளு, இவற்றில் இரண்டு மூன்று வகையை அரைக்கிலோ அரைக்கிலோவாக வாங்கி வையுங்கள். ராத்திரி ஒரு கை ஊறவைத்தால் மறுநாள் சாயங்காலம் சுண்டல், பிஸ்கட் பாக்கெட்டுக்கு வேலையில்லை. வேர்க்கடலையும் அப்படித்தான், ஆனால் பெண்ணுக்கு முழுசாகக் கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும், பொடித்துக் கொடுங்கள்.

கடலூரில் இருந்துகொண்டு மீனை விடலாமா? வஞ்சிரமும் வவ்வாலும் நமக்கு வேண்டாம். காலையில் முதுநகர் துறைமுகத்துப் பக்கம் போனால் மத்தி, நெத்திலி, காரப்பொடி எல்லாம் கூறு கட்டி விற்பார்கள், வரத்து அதிகமான நாளில் விலை நன்றாக இறங்கும். பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து பெரிய கூறாக வாங்கிப் பிரித்துக்கொள்ளுங்கள், பஸ் காசும் பாதியாகும். நெத்திலியைத் தலையைக் கிள்ளிவிட்டு முள்ளோடு வறுத்தால் அந்த முள்தான் கால்சியம். மத்தியைப் புளி கரைத்து, மிளகாய், மல்லி, மஞ்சள் போட்டு மண்சட்டியில் குழம்பு வைத்தால் மறுநாள் இன்னும் ருசி, எண்ணெயும் அதிகம் வேண்டாம், மீனிலேயே இருக்கிறது. சின்னவளுக்கு மட்டும் முள்ளை நன்றாகப் பார்த்து எடுத்துவிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு போகாது, மீன் விலை ஏறும். அதற்கு முன்னாலேயே கொஞ்சம் நெத்திலிக் கருவாடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வெந்நீரில் இரண்டு முறை அலசினால் உப்புக் குறையும்.

கீரைக்குக் காசே வேண்டாம், உங்கள் தெருவில் யார் வீட்டிலாவது முருங்கை மரம் நிற்கும், கேளுங்கள். உருவிய இலையைப் பருப்போடு வேகவைத்து, இறக்கின பிறகு எலுமிச்சை பிழியுங்கள், கீரையிலுள்ள இரும்பு உடம்பில் ஒட்ட எலுமிச்சையிலுள்ள வைட்டமின் சி உதவும். நெல்லிக்காய், கொய்யாவும் அதே வேலையைச் செய்யும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது கெடும், ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள், சின்னவளுக்கு டீயே வேண்டாம். மற்ற காய்களை உழவர் சந்தையில் மூடுகிற நேரத்துக்குப் போய் வாங்குங்கள்.

ரத்தக் குறைவைக் கீரையாலேயே சரிசெய்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு தலைமை மருத்துவமனையிலோ ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்த்து, அவர்கள் கொடுக்கிற இரும்புச்சத்து மருந்தைச் சொன்ன அளவில் விடாமல் கொடுங்கள். பூச்சி மாத்திரை பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அங்கன்வாடியில் கொடுப்பார்கள், அதையும் தவறவிடாதீர்கள்.

பால் கேட்டிருந்தீர்கள். நிறுத்த வேண்டாம், ஆனால் டீக்குப் போகிற பாலைக் குறையுங்கள். அரை லிட்டர் வாங்கினால் முதலில் பெண்ணுக்கு ஒரு டம்ளர் தனியாக எடுத்து வையுங்கள், கொஞ்சம் உறை ஊற்றுங்கள், மிஞ்சியது டீக்கு. முட்டை வாங்கும்போது உங்களுக்கும் சேர்த்து எண்ணி வாங்குங்கள். எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியை வழித்துச் சாப்பிடுகிறவர் நீங்கள் என்று உங்கள் கடிதம் எங்கேயும் சொல்லவில்லை, ஆனாலும் தெரிகிறது. பெண்ணுக்குப் பார்க்கப் போகிற அன்றைக்கே உங்கள் ரத்தத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள்.