சீருடையும் பயணக் கட்டணமும்

அன்புள்ள ஐயா,

ரயில் மாதிரிகள் செய்வது என் பொழுதுபோக்கு. இப்போது 1942ஆம் ஆண்டு ஜெர்மன் ரயில் நிலையம் ஒன்றைச் செய்கிறேன். அங்கே காவலிருந்த பான்ஷுட்ஸ் என்ற ரயில்வே காவல் படையினரின் சீருடை, சின்னம், ஆயுதம் பற்றிச் சொல்ல முடியுமா? அவர்களுடைய குத்துவாள் ஒன்று இணையத்தில் விலைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா? அரசியல் வேண்டாம், வரலாற்று ஆர்வம் மட்டும்தான்.

*

அன்புள்ள தம்பி,

ரயில்வேக்கே உரிய சீருடை, சிறகு முளைத்த சக்கரச் சின்னம், கைத்துப்பாக்கி அல்லது ரைஃபிள். பணியில் இருக்கும்போது கழுத்தில் சங்கிலியில் தொங்கும் உலோகத் தகடு. பாலம், தண்டவாளம், சரக்கு இவற்றைக் காப்பது வேலை. குத்துவாள் வேண்டாம். சந்தையில் போலிகள்தான் அதிகம்.

ஆனால் அந்தக் கடைசி வரி என்ன? 1942ஆம் ஆண்டின் ஜெர்மன் ரயில் நிலையத்துக்கு மாதிரி செய்துகொண்டு அரசியல் வேண்டாம் என்றால் எப்படி? கோபமாகத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யூதர்களைக் கொலைமுகாம்களுக்கு ஏற்றிச் சென்ற வண்டிகளில் காவலுக்குப் போனவர்கள் பெரும்பாலும் சாதாரணப் போலீஸ்காரர்கள். அந்த வண்டிகளை ஓட வைத்தவர்களோ துப்பாக்கி தூக்காத குமாஸ்தாக்கள். ஏற்றப்பட்டவர்களுக்குத் தலைக்கணக்கில் ரயில்வே கட்டணம் வாங்கியது. மூன்றாம் வகுப்பு, கிலோமீட்டருக்கு 4 ஃபெனிக் (ஜெர்மன் காசு, நூறு சேர்ந்தால் ஒரு மார்க்). பத்து வயதுக்குக் கீழே பாதி, நான்கு வயதுக்குக் கீழே இலவசம். 400 பேருக்கு மேல் போனால் குழுச் சலுகை, பாதிக் கட்டணம். அடைத்து ஏற்றியது பெரும்பாலும் சரக்குப் பெட்டிகளில், கணக்கு மட்டும் மூன்றாம் வகுப்புக்கு! காவலர்களுக்குப் போக வரக் கட்டணம்; யூதர்களுக்குப் போக மட்டும். யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து இதைக் கூட்டிக் கழித்துப் பில் போட்டிருக்கிறார். அவர் சட்டையில் என்ன சின்னம் இருந்தது என்று யாராவது கேட்கிறோமா? ரயில்வேயின் உயரதிகாரி கான்சன்முல்லர் 1942 ஜூலை 28 அன்று எழுதிய கடிதத்தில், வார்சாவிலிருந்து ட்ரெப்ளிங்கா கொலைமுகாமுக்குத் தினமும் 5000 யூதர்களோடு ஒரு வண்டி போகிறது என்று நிதானமாகத் தெரிவிக்கிறார். 1973இல் அவர்மீது வழக்கு விசாரணை தொடங்கியது. மாரடைப்பு வந்து விசாரணை நின்றது. 1996 வரை உயிரோடு இருந்தார்.

பெர்லினில் க்ரூனவால்ட் நிலையத்தின் 17ஆம் தடத்துக்குப் போயிருக்கிறேன். யூதர்களை வண்டியேற்றிய இடம், இப்போது நினைவிடம். நடைமேடை ஓரமாக 186 எஃகுத் தகடுகள், ஒவ்வொன்றிலும் தேதி, எத்தனை பேர், எந்த ஊர். குனிந்து படித்துக்கொண்டே நடந்தேன். கடைசித் தகடு 1945 மார்ச் 27, 18 பேர். தோற்றுப்போய், நகரமே இடிந்து கிடந்த நேரத்திலும் 18 பேரை அனுப்ப ஒரு பயணத்தை ஏற்பாடு செய்திருக்கிறார்கள். என்னால் அதைத் தாண்டி நடக்க முடியவில்லை.

இந்த ரயில் நிலைய மாதிரியைச் செய்ய வேண்டாம் என்று சொல்லவில்லை, தம்பி. நுணுக்கமாகப் பார்க்கும் கண் உங்களுக்கு இருக்கிறது, கடிதத்திலேயே தெரிகிறது. காவலரை நிறுத்துங்கள். கூடவே கணக்கு எழுதும் குமாஸ்தாவையும் உட்கார வையுங்கள். பெயர்ப்பலகையில் எந்த ஊரை எழுதப் போகிறீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள். அந்த ஊரிலிருந்து யாரெல்லாம் ஏற்றப்பட்டார்கள் என்று சேர்ந்தே தேடுவோம்.

அன்புடன்