குட்டி வீசிய ஆட்டுக்கு ‘நோய் இல்லை’ என்று முடிவு வருமா?

கேள்வி: 200 செம்மறி ஆடுகள் உள்ள என் மந்தையில் சில ஆடுகள் குட்டி வீசியதால் (கரு கலைந்ததால்), 20 ஆடுகளின் இரத்தத்தை, குட்டி வீச வைக்கும் புருசெல்லா என்ற கிருமி நோய்க்கான ரோஸ் பெங்கால் சோதனைக்குக் கொடுத்தேன். நலமாக இருக்கும் ஓர் ஆட்டுக்கு நோய் உண்டு என்றும், போன வாரம் குட்டி வீசிய ஆட்டுக்கு இல்லை என்றும் முடிவு வந்துள்ளது. இந்தச் சோதனையை நம்பலாமா?

பதில்: நம்பலாம், ஆனால் அது எதைச் சொல்கிறது என்பதை அறிந்து நம்ப வேண்டும். இச்சோதனை கிருமியைத் தேடுவதில்லை. கிருமியை எதிர்த்து ஆட்டின் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத்தான் தேடுகிறது. தொற்றிய பின் அது இரத்தத்தில் தென்படச் சில வாரங்கள் ஆகும் என்பதால், குட்டி வீசிய நாட்களை ஒட்டி எடுத்த இரத்தத்தில் நோய் தப்பிவிடுவது உண்டு. அந்த ஆட்டின் இரத்தத்தை மூன்று, நான்கு வாரம் கழித்து மீண்டும் சோதியுங்கள்.

நலமாகத் தெரியும் ஆட்டுக்கு நோயும் இருக்கலாம். புருசெல்லாவுக்கான ரெவ்-1 தடுப்பூசி போட்டிருந்தாலோ, புருசெல்லாவை ஒத்த மேலுறை கொண்ட யெர்சினியா கிருமி தொற்றியிருந்தாலோ இதே முடிவு வரவும் கூடும். ஒரு கணக்குக்காக, நோயுள்ள 100 ஆடுகளில் 95-ஐக் கண்டுபிடித்து, நோயற்ற 100-இல் 2-ஐத் தவறாகக் குறிக்கும் சோதனை என்று வைத்துக்கொள்வோம். 200 ஆடுகளில் 4-க்கு மட்டுமே நோய் என்றால், அந்த 4-உம் அகப்படும். நலமான 196-இலும் ஏறக்குறைய 4 மாட்டிக்கொள்ளும். அதாவது ‘உண்டு’ என்ற முடிவில் பாதி பொய். 60 ஆடுகளுக்கு நோய் இருந்தால், 57 சரியான முடிவுகளுக்கு 3 மட்டுமே தவறாகும். மந்தையில் ஏற்கெனவே குட்டி வீச்சு இருப்பதால் உங்கள் முடிவை அலட்சியப்படுத்த மாட்டேன். ஆனாலும் எலிசா போன்ற இன்னொரு இரத்தச் சோதனையில் உறுதியாகும் வரை அந்த ஆட்டை மந்தையிலிருந்து கழிக்காமல் தனியே கட்டி வையுங்கள்.

மற்ற 18 ஆடுகளும் தேறியதை வைத்து மந்தை சுத்தம் என்று எண்ண வேண்டாம். 200-இல் 10 ஆடுகளுக்கு நோய் இருந்தாலும், ஏதேனும் 20-ஐ எடுத்துச் சோதித்தால் மூன்றில் ஒரு தடவை ஒன்றுகூட அகப்படாமல் போகும்.

இரத்தத்தைவிட நேரான சான்று, வீசிய குட்டியின் இரைப்பைத் திரவமும் நஞ்சுக்கொடியும்தான். அவற்றில் கிருமியையே வளர்த்தோ, அதன் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். முறையிலோ காணலாம், குட்டி வீச வைக்கும் கிளமிடியா, டாக்சோபிளாஸ்மா போன்ற பிற கிருமிகளும் அதிலேயே தெரியவரும். அடுத்த முறை வீசினால் கையுறை அணிந்து எடுத்துக் குளிரில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் சேருங்கள். இவற்றுள் பல மனிதருக்கும் தொற்றும் என்பதால் கர்ப்பிணிகள் அருகே போகக் கூடாது.