கையடக்கக் கணினிக்கு ஒரு பசர்

கேள்வி: அண்ணா, ராஸ்பெரி பை ஸீரோ 2 டபிள்யூ என்ற சின்னக் கணினிப் பலகை, சின்னத் திரை, ஒரு லித்தியம் பற்றரி வைத்து கையில் பிடிக்கிற அளவில் ஒரு கணினி செய்திருக்கிறேன். பற்றரி இறங்கியதும் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடுகிறது, மெமரி கார்டும் ஒருமுறை பழுதாகிவிட்டது. ஸ்பீக்கர் இல்லை, அணைய முன் ஒரு சத்தம் வந்தால் போதும். பசரை (பீப் என்று ஒலிக்கும் சின்னக் கருவி) நேரே ஜிபிஐஓ பின்னில் (நிரலால் ஆன், ஆஃப் செய்யக்கூடிய பலகையின் கால்) கொடுத்தேன், மெல்லமாகத்தான் கேட்கிறது. என்ன செய்யலாம்?
– உயர்தரத் தொழில்நுட்பப் பிரிவு மாணவி, கல்முனை

பதில்: தங்கச்சி, முதல் வேலையாக அந்த பசரைப் பின்னிலிருந்து கழற்றிவிடுங்கள். ஒரு பின் தருவது 3.3 வோல்ட், அதிலிருந்து 16 மில்லிஆம்பியருக்கு மேல் இழுக்கக்கூடாது, ஆனால் கடையில் கிடைக்கிற 5 வோல்ட் பசர்களில் பல 30 மில்லிஆம்பியர் வரை கேட்கும். சத்தம் குறைவதோடு போனால் பரவாயில்லை, பின் எரிந்துபோனால் அதைத் திருத்த வழியில்லை.

பசருக்கான மின்சாரம் 5 வோல்ட் பின்னிலிருந்து வரட்டும், ஜிபிஐஓ அதைத் திறந்து மூடுகிற வேலையை மட்டும் பார்க்கட்டும். நடுவில் ஒரு பிசி547 டிரான்சிஸ்டர் போதும், மூன்று கால் உள்ள அது ஒரு மின் சுவிட்ச் போல வேலை செய்யும். 5 வோல்ட்டிலிருந்து பசரின் பிளஸ் காலுக்கு, மைனஸ் காலிலிருந்து கலெக்டருக்கு, எமிட்டர் கிரவுண்டுக்கு, ஜிபிஐஓ 17இலிருந்து (வரிசையில் 11ஆம் பின்) 1 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக பேஸுக்கு. 17ஐச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: கணினி எழும்பும்போது அது தாழ்ந்த நிலையில் இருக்கும், ஜிபிஐஓ 2, 3 இரண்டும் உயர்ந்து நிற்கும், அங்கே கொடுத்தால் ஆன் செய்கிற நேரமெல்லாம் கத்தும். பசருக்குக் குறுக்கே ஒரு 1என்4148 டயோடும் போடுங்கள், கோடு போட்ட பக்கம் 5 வோல்ட்டுக்கு.

பிசி547இன் தட்டை முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கப் பிடித்தால் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். கடைக்காரர் அதற்குப் பதிலாக 2என்2222 வகை ஒன்றைத் தந்தால் கவனம், கால் வரிசை கம்பனிக்குக் கம்பனி மாறும், மீட்டரில் பார்த்த பிறகே ஈயம் வையுங்கள்.

பசரில் ஆக்டிவ், பாசிவ் என்று இரண்டு வகை, உங்களுக்கு வேண்டியது ஆக்டிவ். 5 வோல்ட் கொடுத்ததும் தானாகவே தொடர்ந்து ஒலிப்பது அதுதான், பாசிவ் 'டிக்' என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடும். பழைய யுபிஎஸ்ஸிலிருந்து கழற்றியதும் சரிவரும், 12 வோல்ட்டுக்கானதாக மட்டும் இருக்கக்கூடாது, பார்த்து எடுங்கள்.

சரி, பற்றரி இறங்கியது எப்படித் தெரியும்? ராஸ்பெரி பைக்குத் தானாக வோல்ட் அளக்கத் தெரியாது, அதனால் வோல்ட்டை அளந்து எண்ணாகச் சொல்கிற ஏடிஎஸ்1115 என்ற சின்ன போர்ட் ஒன்று கூட வேண்டும். அதை 3.3 வோல்ட்டில் ஓட்டுங்கள். நிறைந்த பற்றரி 4.2 வோல்ட், அதை நேரே கொடுக்கக்கூடாது, 10 கிலோஓம் ரெசிஸ்டர் இரண்டைத் தொடராக வைத்து நடுவிலிருந்து எடுத்தால் பாதியாகிவிடும். நானாக இருந்தால் 3.4 வோல்ட்டில் மூன்று பீப், 3.2இல் கணினி தானே ஒழுங்காக ஷட்டவுன் ஆகும்படி வைப்பேன். கார்டைக் காப்பாற்றுவது அந்த ஷட்டவுன்தான், அதை விட்டுவிடாதீர்கள்.

பைத்தான் நிரல்மொழியில் பின்களை இயக்குவதற்கான ஜிபிஐஓஸீரோ என்ற நூலகத்தில் பசருக்கென்றே வகுப்பு (கிளாஸ்) உண்டு, அதில் பீப் என்ற கட்டளையும் உண்டு. அது பின்னணியில் ஓடுவதால் உங்கள் நிரல் உடனே முடிந்தால் சத்தமும் பாதியில் நின்றுவிடும், பின்னணி வேண்டாம் என்று கொடுத்துவிடுங்கள்.

அப்புறம், கல்முனைக் கடல்காற்றில் ஈயம் வைத்த இடம் சீக்கிரம் பச்சை பிடிக்கும், மேலே நெயில் பொலிஷ் பூசலாம், பசரின் துளையில் மட்டும் படக்கூடாது. புது பசரின் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் உரித்துவிடுங்கள், சத்தம் நன்றாகக் கூடும்.