தைராய்டு மாத்திரை டோஸ் ஏறிக்கிட்டே போகுதா? குடலையும் ஒரு தடவை செக் பண்ணுங்க

கேள்வி: எனக்கு 60 கிலோ. தைராக்ஸின் 175 மைக்ரோகிராம் வரைக்கும் ஏத்திட்டாங்க, தினமும் வெறும் வயித்துலதான் போடுறேன், ஆனாலும் டிஎஸ்எச் (தைராய்டு ஹார்மோன் பத்தலைன்னா ஏறுற ரத்த அளவு) 14ன்னு அதிகமாவே இருக்கு. இரும்புச்சத்தும் கம்மி, வயிறு எப்பவும் உப்புசம். சீலியாக்கா (கோதுமை மாதிரி தானியத்தால சிறுகுடல் கெடுற நோய்) இருக்குமோன்னு பயமா இருக்கு, கோதுமையை நிறுத்திடட்டுமா?

பதில்: தயவுசெஞ்சு இப்ப நிறுத்திடாதீங்க, டெஸ்ட் எடுக்குற வரைக்கும் வழக்கம்போலவே சாப்பிடுங்க. குளூட்டனை, அதாவது கோதுமையில இருக்குற அந்தப் புரதத்தை விட்டுட்டா ரத்தத்துல இருக்குற ஆன்டிபாடி மெல்ல இறங்கிடும், நோய் இருந்தும் ரிப்போர்ட் நார்மல்னு வந்துடும்.

உங்க சந்தேகம் நியாயமானதுதான். தைராய்டு சுத்தமா வேலை செய்யலைன்னாகூட கிலோவுக்கு சுமார் 1.6 மைக்ரோகிராம் போதும், உங்க எடைக்கு கிட்டத்தட்ட 100. நீங்க 175 போட்டும் பத்தலைன்னா மாத்திரை உள்ள போகுது, ரத்தத்துல சரியா சேரலையோன்னு சந்தேகப்படணும். அது உறிஞ்சப்படுறது சிறுகுடல்ல, சீலியாக்ல அடி வாங்குறதும் அதே இடம்தான், அங்க இருக்குற குட்டி குட்டி விரல் மாதிரி நீட்டங்கள் தேஞ்சு தட்டையாயிடும், இரும்புச்சத்தும் அங்கதான் நழுவிப் போகுது. ஹாஷிமோட்டோ தைராய்டு இருக்குறவங்களுக்கு சீலியாக் மத்தவங்களைவிட அதிகமா வரும், ரெண்டுமே உடம்பு தன்னையே தாக்குற வகை.

ஆனா ஒண்ணு, இரும்பு மாத்திரையோ கால்சியமோ போடுறீங்களா? தைராய்டு மாத்திரைக்கும் அதுக்கும் 4 மணி நேரம் இடைவெளி வேணும், பல பேருக்கு கோளாறே இங்கதான். அது சரியா இருந்தா டாக்டர்கிட்ட டிடிஜி ஐஜிஏ டெஸ்ட்டும் (சீலியாக்கோட ஆன்டிபாடியைத் தேடுற ரத்த டெஸ்ட்), கூடவே மொத்த ஐஜிஏ அளவும் கேளுங்க, ஏன்னா சிலருக்கு ஐஜிஏங்கிற அந்த வகை ஆன்டிபாடியே கம்மியா இருக்கும், அப்ப முதல் டெஸ்ட்டை நம்ப முடியாது. பாசிட்டிவ்னா பெரும்பாலும் எண்டோஸ்கோபியில குடல்ல சின்ன துணுக்கு எடுத்துப் பார்ப்பாங்க.

சீலியாக்னு உறுதியாச்சுன்னா கோதுமை, பார்லி, ரை (கோதுமை மாதிரி இன்னொரு தானியம்) எல்லாம் வாழ்க்கை முழுக்க கிடையாது. அதனால தைராய்டு சரியாயிடும்னு மாத்திரையை நிறுத்திடாதீங்க, டோஸ்தான் குறையும். பலரும் கவனிக்காம விடுறதும் இதைத்தான்: குடல் ஆற மாசக்கணக்குல ஆகும், ஆற ஆற அதே 175 உங்களுக்கு ஓவர்டோஸ் ஆயிடும். அதனால ஆரம்பத்துல 6லேர்ந்து 8 வாரத்துக்கு ஒருதடவை டிஎஸ்எச் பாருங்க, நடுவுல படபடப்பு, கை நடுக்கம், தூக்கமில்லாம தவிக்குறது வந்தா தேதி வரட்டும்னு காத்திருக்காம உடனே டாக்டர்கிட்ட போங்க.