வட்டி இறங்கியது, தவணை ஏன் இறங்கவில்லை?

வாசகர் கேள்வி – பதில்: பணமும் விலையும்

வீட்டுக் கடனில் 25 லட்சம் பாக்கி, இன்னும் 18 வருடம். 9.25 சதவீத வட்டியில் மாதம் 23,803 ரூபாய் கட்டி வந்தேன். 2025-ல் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 1.25 சதவீதம் குறைத்தும் அதே 23,803-தான் பிடிக்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?
– வாசகர், வேலூர்

பெரும்பாலும் இல்லை. முதலில் கடன் அனுமதிக் கடிதத்தை எடுத்து, வட்டி எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். 2019 அக்டோபர் 1-க்குப் பிறகு வங்கிகள் கொடுத்த மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் எல்லாம் ரெப்போ (ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி) போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கப்பட்டவை. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வட்டியைத் திருத்தியாக வேண்டும். அதற்கு முந்தைய கடன் என்றால் பெரும்பாலும் 'எம்.சி.எல்.ஆர்.' என்று இருக்கும்; வங்கி தனக்குப் பணம் திரட்ட ஆகும் செலவை வைத்துத் தானே போடும் விகிதம் அது. அது மெதுவாகத்தான் இறங்கும், முழுதாக இறங்கும் என்ற உறுதியும் இல்லை. வங்கி அல்லாத வீட்டுவசதி நிறுவனத்தில் வாங்கியிருந்தால் இந்த விதியே பொருந்தாது. அவர்கள் தங்கள் சொந்த விகிதத்தைத் தாங்களே நிர்ணயிப்பவர்கள்.

உங்கள் கடன் ரெப்போவோடு இணைந்தது என்றே வைத்துக்கொள்வோம். வட்டி 8 சதவீதத்துக்கு வந்திருக்கும். ஆனால் வங்கிக் கணினி வழக்கமாகத் தவணையைத் தொடாது, காலத்தைத்தான் வெட்டும். 23,803 அப்படியே தொடர்ந்தால் 216 மாதக் கடன் சுமார் 182 மாதத்தில் முடிந்துவிடும். ஏறக்குறைய மூன்று வருடம் மிச்சம். மாறாகத் தவணையைக் குறைக்கச் சொன்னால் மாதம் 21,874 ஆகும். கையில் 1,929 ரூபாய் நிற்கும், ஆனால் 216 மாதமும் கட்ட வேண்டும். மொத்தத்தில் சுமார் 4 லட்சம் ரூபாய் கூடுதல். மாதச் செலவுக்கு நெருக்கடி இல்லையென்றால் தவணையைத் தொடாமல் விடுவதே லாபம் என்பது எங்கள் கருத்து.

கணக்குப் பட்டியலை வாங்கி இரண்டு விஷயங்களைப் பாருங்கள்: இன்றைய வட்டி என்ன, மீதி எத்தனை மாதம். வட்டி இறங்கவில்லை என்றால் கிளைக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து ரெப்போ இணைப்புக்கு மாறுங்கள். ஒருமுறைக் கட்டணம் கேட்பார்கள். புதிதாகக் கடன் வாங்குபவருக்கு உங்களைவிடக் குறைந்த வட்டியில் கிடைக்கிறதா என்றும் விசாரியுங்கள். ரெப்போவுக்கு மேல் வைக்கும் கூடுதல் பழைய வாடிக்கையாளருக்கு ஒன்று, புதியவருக்கு ஒன்று என்று இருப்பது சகஜம். மறுத்தால் வேறு வங்கிக்கு மாற்றலாம். தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது. ஆனால் புதிய வங்கியின் பரிசீலனைக் கட்டணம், வக்கீல் கருத்து, பத்திர ஒப்படைப்பைப் பதியும் செலவு எல்லாம் சேரும். வட்டி வித்தியாசம் கால் சதவீதம்தான் என்றால் அந்த அலைச்சல் வேண்டாம்.

இதன் மறுபக்கத்தை 2022-23-ல் பலர் பார்த்தார்கள். 30 லட்சம் கடன், 6.75 சதவீதம், 20 வருடம் என்றால் தவணை 22,811. ஒன்பது மாதத்தில் வட்டி 2.5 சதவீதம் ஏறி 9.25 ஆனபோது, 29.4 லட்சம் பாக்கி வைத்திருந்தவருக்கு ஒரு மாத வட்டியே 22,662 ரூபாய். அசலில் கழிந்தது 149 ரூபாய்! பலருடைய கடன் காலம் ஓய்வு வயதையும் தாண்டி நீண்டது. அதன் பிறகுதான் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, வட்டி திருத்தும்போது தவணையைக் கூட்டுவதா காலத்தை நீட்டுவதா என்று கடன்தாரரைக் கேட்டாக வேண்டும் என்று உத்தரவிட்டது.

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. பணவீக்கம் ஏறியும் ரிசர்வ் வங்கி வட்டியை ஏற்றவில்லை. 2022-ல் மட்டும் அவசரமாக ஏற்றியதே, இதென்ன கணக்கு?
– வாசகி, திண்டுக்கல்

2023 ஜூனில் 4.87 சதவீதமாக இருந்த சில்லறைப் பணவீக்கம் ஜூலையில் 7.44-க்குத் தாவியது. ரிசர்வ் வங்கியின் இலக்கு 4. மேல் எல்லை 6. ஆனாலும் ஆகஸ்டு கூட்டத்தில் ரெப்போ 6.50-லேயே நின்றது.

வட்டியை ஏற்றினால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். கடன் விலையேறும், வாகனமும் வீடும் வாங்குவது தள்ளிப்போகும், ஆலைகள் விரிவாக்கத்தை நிறுத்தும், பிறகு மெல்ல விலை அழுத்தம் தணியும். இதற்கு ஓராண்டுகூட ஆகலாம். தக்காளி நாற்று நட்டு இரண்டு, இரண்டரை மாதத்தில் காய்ப்புக்கு வந்துவிடுகிறது. வட்டி வேலை செய்யத் தொடங்கும் நேரத்தில் தோட்டத்தில் பறிக்க ஆளில்லாமல் தக்காளி அழுகிக் கொண்டிருக்கும். அதுதான் நடந்தது: செப்டம்பரில் பணவீக்கம் 5.02-க்கு இறங்கிவிட்டது. 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட விலைப் பட்டியலில் உணவு, பானங்களின் பங்கு 45.86 சதவீதம் என்பதால் காய்கறி துள்ளினால் மொத்தக் குறியீடும் துள்ளும். அந்தத் துள்ளலுக்கெல்லாம் வட்டியை ஆட்டினால் தொழில் நிற்குமே தவிர ரசம் மலிவாகாது.

2022 வேறு மாதிரி. உக்ரைன் போரால் கச்சா எண்ணெய், சமையல் எண்ணெய், கோதுமை எல்லாம் ஒன்றாக ஏறின. உணவையும் எரிபொருளையும் கழித்துப் பார்த்தாலும் பணவீக்கம் 6 சதவீதத்தை ஒட்டியே நின்றது. டீசல் ஏறி லாரி வாடகை ஏறலாம்; அது சகஜம். முடிதிருத்தும் கட்டணம், பள்ளி வேன், டியூஷன் ஃபீஸ் வரை ஏறிவிட்டால் அவை மறுபடி இறங்குவதில்லை. அந்தப் பரவலைத் தடுக்கத்தான் மே 4-ஆம் தேதி, அட்டவணையில் இல்லாத கூட்டம் போட்டு, ரெப்போவை 4.00-லிருந்து 4.40 ஆக்கினார்கள். 2023 பிப்ரவரிக்குள் 6.50. கொஞ்சம் முன்பே தொடங்கியிருக்கலாம் என்ற விமர்சனத்தில் நியாயம் உண்டு. 2022-ல் தொடர்ந்து மூன்று காலாண்டுகள் பணவீக்கம் எல்லையைத் தாண்டியதால், சட்டப்படி அரசுக்கு விளக்கம் எழுத வேண்டிய நிலையும் வந்தது.

பணவீக்கத்தைப் பூஜ்யமாக வைத்தால் என்ன? எதற்கு 4?
– மாணவர், மதுரை

விலை இறங்கும் என்று தெரிந்தால் ஃபிரிட்ஜ் வாங்குபவர் அடுத்த மாதம் பார்க்கலாம் என்பார். கடைக்காரர் சரக்கு எடுக்க மாட்டார். வருமானம் சுருங்கும்போதும் கடன் தொகை சுருங்காது. பூஜ்யத்தைக் குறிவைத்தால் கொஞ்சம் தவறினாலும் இந்தக் குழிக்குள் விழுவோம். ஜப்பான் அதில் விழுந்து மேலேற வருடக்கணக்கில் திணறியது. இன்னொன்று, சாதாரண நாளிலேயே வட்டி ஒன்றோ இரண்டோ என்றிருந்தால் மந்தம் வரும்போது குறைக்க எதுவும் மிஞ்சாது.

2022-23-ல் அமெரிக்கக் கடைகளில் விற்பனை அதிகம் விழவில்லை என்றார்கள். எங்கள் நிட்டிங் யூனிட்டில் வேலை பாதிக்கும் கீழே போனது. பிறகு திடீரென்று ஆர்டர் குவிந்தது. மிஷின் போடலாமா என்று யோசிப்பதற்குள் மறுபடி மந்தம். இது ஏன்?
– சிறு தொழில் முனைவோர், திருப்பூர்

தொழில் சுழற்சியை விளக்க உங்கள் ஊரைவிட நல்ல இடம் இல்லை. ஒரு கணக்குப் போடுவோம்.

ஒரு கடை மாதம் 100 சட்டை விற்கிறது, மூன்று மாதச் சரக்காக 300 வைத்திருக்கிறது. விற்பனை 90 ஆகிறது. இனி 270 இருந்தால் போதும். 90 விற்றபின் கையில் 210. ஆகவே 60-க்குத்தான் ஆர்டர். விற்பனை 10 சதவீதம் குறைந்ததற்கு ஆர்டர் 40 சதவீதம் விழுகிறது. அடுத்து உங்கள் ஊர் ஏற்றுமதியாளர். அவர் ஒரு மாத நூலைக் கையிருப்பில் வைப்பவர். 100 இருந்ததில் 60 செலவு, மீதி 40. இனி 60 போதும் என்பதால் மில்லிடம் 20-தான் வாங்குகிறார். மில்லுக்கு 80 சதவீத வீழ்ச்சி!

இரண்டாம் மாதம் கடையில் அதே 90 விற்பனை. சரக்கு சரியாகிவிட்டதால் 90 ஆர்டர் வருகிறது. ஏற்றுமதியாளர் நூல் இருப்பை 90-க்கு உயர்த்த வேண்டும், 120 வாங்குகிறார். மில்லின் கணக்கு 100, 20, 120, பிறகு 90. அந்த 120-ஐப் பார்த்து 'காலம் திரும்பிவிட்டது' என்று மில் புது மிஷினுக்குக் கடன் வாங்கினால் போச்சு. கடையின் விற்பனை 90-ஐத் தாண்டவே இல்லையே.

இதில் வட்டி எங்கே வருகிறது? 2022 மார்ச்சில் ஏறத்தாழ பூஜ்யமாக இருந்த அமெரிக்க வட்டியை அங்குள்ள மத்திய வங்கி 2023 ஜூலைக்குள் 5.25–5.50 சதவீதமாக்கியது. அங்கே பணவீக்கம் 2022 ஜூனில் 9.1 சதவீதம். கடனில் சரக்கு வைத்திருக்கும் கடைக்குக் குடோனில் கிடக்கும் ஒவ்வொரு சட்டையும் வட்டி தின்கிறது. மூன்று மாதச் சரக்கை இரண்டு மாதமாகக் குறைக்க முடிவு செய்தால், மேற்படி கணக்கில் தேவை 180, கையில் 210. அந்த மாதம் ஆர்டரே கிடையாது. போட்ட ஆர்டரையும் ரத்து செய்யப் பார்ப்பார்கள். பையிங் ஏஜென்ட் போனை எடுக்காததன் காரணம் இதுதான். போதாக்குறைக்கு 2022 மே மாதம் பருத்தி ஒரு கண்டி (356 கிலோ) ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டிருந்தது. அந்த விலையில் நூல் வாங்கி அடுக்கியவர்கள் வேலையையும் இழந்தார்கள், இருப்பின் மதிப்பையும் இழந்தார்கள்.

அமெரிக்கச் சில்லறைக் கடைகளின் சரக்கு–விற்பனை விகிதத்தை அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை மாதாமாதம் வெளியிடுகிறது. அந்த விகிதம் ஏறிக்கொண்டே வந்தால் அடுத்து ஆர்டர் வெட்டு வரப்போகிறது என்று பொருள். ஆர்டர் திரும்பும்போது பையரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: இது கையிருப்பை நிரப்பவா, விற்பனை கூடியதாலா? நிரப்புவதற்கு என்றால் ஜாப் ஒர்க் கொடுத்துச் சமாளியுங்கள். மிஷினுக்கான டெர்ம் லோன் தவணை, ஆர்டர் 120 என்றாலும் 20 என்றாலும் அதேதான்.

பணவீக்கம் எழுபதிலிருந்து ஒன்றுக்கு வந்துவிட்டது என்கிறார்கள். பாண் (ரொட்டி) விலையோ கோதுமை மா விலையோ பழைய இடத்துக்கு வரவில்லையே?
– வாசகர், யாழ்ப்பாணம்

வராது. பணவீக்கம் என்பது வேகம். விலை என்பது போய்ச் சேர்ந்த இடம். 2021 செப்டம்பரில் ஒரு வீட்டின் செலவு 100 என்று வையுங்கள். 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி ஏற்றம் 69.8 சதவீதம், ஆக 169.8. அடுத்த ஆண்டு ஏற்றம் 1.3 மட்டும், ஆனால் அது 169.8-க்கு மேல், ஆக 172. 2024 செப்டம்பரில் 0.5 சதவீதம் இறங்கியபோதும் 171. 2021-ல் 50,000 ரூபாய் சம்பளம் எடுத்தவர் அதே வாழ்க்கையை நடத்த 2024-ல் தோராயமாக 85,500 எடுத்திருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால், குறைந்த அளவுக்கு அவர் ஏழையாகியிருக்கிறார். பணவீக்கம் அடங்கியது அந்த இழப்பைத் திருப்பித் தராது.

அடங்கியது எப்படி என்பதும் தெரிய வேண்டும். 2022 ஏப்ரல் 8-ஆம் தேதி ஒரே நாளில் இலங்கை மத்திய வங்கி கொள்கை வட்டியை 7 சதவீதப் புள்ளி ஏற்றியது. அது வங்கிகளுக்குக் கடன் வழங்கும் வீதம் 7.5-லிருந்து 14.5. நான்கு நாளில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அரசு அறிவித்தது. டொலர் 200 ரூபாயிலிருந்து மே மாதத்துக்குள் 360-ஐ ஒட்டிப் போனது. அந்த வட்டியில் கடைகளும் கட்டுமானமும் முடங்கின, வேலைகள் போயின. விலை ஏற்றம் நின்றதற்கு ஒரு பெரிய காரணம், வாங்க ஆட்களிடம் காசில்லை என்பதே. நோய்க்கு மூலமான பழக்கம் வேறு: அரசின் செலவுக்கு மத்திய வங்கி பணம் அச்சிட்டுக் கொடுத்தது. 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய மத்திய வங்கிச் சட்டம், அரசின் கடன் பத்திரங்களை நேரடியாக வாங்குவதைத் தடை செய்கிறது. வட்டியைவிட அந்தத் தடை முக்கியம் என்று நினைக்கிறோம்.

2025 அக்டோபரில் பணவீக்கம் வெறும் 0.25 சதவீதம் என்றார்கள். எங்கள் செலவு குறையவில்லை, ஃபிக்சட் டெபாசிட் வட்டிதான் குறைகிறது.
– ஓய்வூதியர், கும்பகோணம்

அந்த 0.25-ஐ இழுத்து வந்தது காய்கறி விலை வீழ்ச்சி. உங்கள் வயதில் மருந்தும் வாடகையும்தான் பெரிய செலவு. உங்கள் பணவீக்கத்தை நீங்களே போடலாம். மாதம் 20,000 செலவு என்று வைப்போம்: உணவு 7,000, மருந்து 5,000, வாடகை 5,000, மற்றவை 3,000. ஓராண்டில் உணவு 2 சதவீதம் குறைந்து, மருந்து 8, வாடகை 5, மற்றவை 3 சதவீதம் ஏறினால், கூடுதல் செலவு 600 ரூபாய். அதாவது 3 சதவீதம்.

டெபாசிட்டில் 7 சதவீதம் கிடைத்து 20 சதவீத வரி வரம்பில் இருந்தால், செஸ் சேர்த்து 20.8 சதவீதம் வரி போக 5.54 மிஞ்சும். விலை ஏற்றம் 3 போனால் உண்மை லாபம் இரண்டரை. வட்டி இறங்கும் காலத்தில் எல்லாவற்றையும் ஓராண்டுக்குப் போடாதீர்கள். 10 லட்சத்தை இரண்டு இரண்டு லட்சமாக 1, 2, 3, 4, 5 வருடங்களுக்குப் பிரித்து, முதிர்வது ஒவ்வொன்றையும் ஐந்து வருடத்துக்கு மாற்றிக்கொண்டே போங்கள். வருடத்துக்கு ஒரு பங்கு கைக்கு வரும், மொத்தமும் ஒரே குறைந்த வட்டியில் சிக்காது. ஒரே வங்கியில் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான் காப்பீடு என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ரிசர்வ் வங்கிக் கூட்ட அறிவிப்பில் வட்டியைத் தவிர எதைப் பார்க்க வேண்டும்?
– வாசகி, சென்னை

'நிலைப்பாடு' என்ற ஒரு சொல்லை. இனி வட்டி எந்தப் பக்கம் போகக்கூடும் என்பதற்கான சைகை அது. 2025 ஜூனில் ரெப்போவை அரை சதவீதம் வெட்டியபோது பலர் கொண்டாடினார்கள். அதே அறிக்கையில் நிலைப்பாட்டை 'தளர்வு' என்பதிலிருந்து 'நடுநிலை' என்று மாற்றியிருந்தார்கள். அதாவது, இப்போதைக்கு இவ்வளவுதான். ஆகஸ்டிலும் அக்டோபரிலும் வட்டி அசையவில்லை. டிசம்பரில்தான் கால் சதவீதம் இறங்கி 5.25 ஆனது. வட்டியை முடிவு செய்யும் குழுவின் ஆறு பேரில் எத்தனை பேர் எப்படி வாக்களித்தார்கள் என்பதும், அடுத்த நான்கு காலாண்டுகளுக்கான பணவீக்கக் கணிப்பும் அந்த அறிக்கையிலேயே இருக்கும்.