அமெரிக்காவில் பைக் ஓட்டும்போது இடுப்பில் துப்பாக்கியை மறைத்து வைத்துக்கொள்ளலாமா? விழுந்தால் வெடித்துவிடாதா?

கேட்டவர் விளக்கத்தில் எழுதியிருந்தது இதுதான்: டாலஸில் இருக்கும் நண்பர் ஞாயிற்றுக்கிழமைகளில் பைக் எடுக்கும்போதெல்லாம் இடுப்பில் பிஸ்டல் வைத்துக்கொள்கிறாராம். இவரும் அடுத்த வருடம் எச்-1பி விசாவில் டெக்சஸ் வருகிறார், பைக் வாங்கப்போகிறார், "நீயும் ஒன்று வாங்கிக்கொள்" என்று நண்பர் சொல்கிறாராம்.

முதலில் உங்கள் விஷயம். எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற குடியேற்றம் அல்லாத விசாவில் வருபவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். டெக்சஸ் எவ்வளவு தாராளமான மாநிலமாக இருந்தாலும் இது மாறாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விலக்கு உண்டு. அதைக் காட்டித் துப்பாக்கி வாங்கிய நம்மவர்களும் இருக்கிறார்கள். ஆனால் உரிமம் காலாவதியான மறுநாள் நீங்கள் மறுபடியும் குற்றவாளி. 2022-இல் வந்த சட்டத்திருத்தத்துக்குப் பிறகு இதற்கு அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு சிறை. சிறை இல்லாவிட்டாலும், துப்பாக்கிக் குற்றம் நிரூபணமானால் நாடு கடத்தலாம். கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கும் அதே ஆபத்து உண்டு. ரேஞ்சில் (சுடும் பயிற்சிக் கூடம்) போய் வாடகைத் துப்பாக்கியைக் கையில் பிடிப்பதும் 'வைத்திருத்தல்' கணக்கில்தான் வரும். வார இறுதியில் ஜாலியாக ரேஞ்சுக்குப் போய் செல்ஃபி போடுகிற எத்தனை பேருக்கு இது தெரியும் என்று எனக்குச் சந்தேகம். ஆக, வேட்டை விலக்கை நம்பி இடுப்பில் செருகிக்கொள்வதற்கு முன் ஒரு வக்கீலிடம் காசு கொடுத்துக் கேளுங்கள். நண்பர் சொன்னார், யாரோ இணையத்தில் எழுதினார் (நான் உட்பட) என்பதெல்லாம் இந்த விஷயத்தில் போதாது.

இனி உங்கள் நண்பர் கிரீன் கார்டோ குடியுரிமையோ உள்ளவர் என்று வைத்துக்கொண்டு பேசுகிறேன். நானும் அந்த வகைதான். ஆஸ்டின் பக்கம் இருக்கிறேன், மலைச்சாலைகளில் பைக் ஓட்டுகிறேன், கைத்துப்பாக்கி உரிமமும் இருக்கிறது.

டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பி, வேறு தடை எதுவும் இல்லாதவர் உரிமமே இல்லாமல் கைத்துப்பாக்கி சுமக்கலாம். 2024 நிலவரப்படி 29 மாநிலங்களில் இப்படித்தான். அப்படியானால் உரிமம் எதற்கு என்று கேட்பார்கள். பைக்காரருக்கு அதற்கு ஒரு நல்ல காரணம் இருக்கிறது. பள்ளி வளாகத்திலிருந்து 1000 அடிக்குள் துப்பாக்கியோடு போவதைக் கூட்டாட்சிச் சட்டம் தனியாகத் தடை செய்கிறது. அந்தப் பள்ளி இருக்கிற மாநிலமே கொடுத்த உரிமம் இருந்தால் விலக்கு. இல்லாவிட்டால் தோட்டாவைக் கழற்றிப் பூட்டிய பெட்டியில் வைத்திருக்க வேண்டும். எந்த ஊர் வழியாகப் போனாலும் ஒரு பள்ளியாவது 1000 அடிக்குள் வரத்தான் செய்யும். சாலையில் போகிறவரை இதற்காக நிறுத்திப் பிடிப்பது அபூர்வம்தான், ஆனால் வேறு எதற்காவது மாட்டினால் இதையும் சேர்த்துப் போட இடமிருக்கிறது. உரிமக் கட்டணம் 40 டாலர், அரை நாள் வகுப்பு, 3, 7, 15 கெஜ தூரங்களில் மொத்தம் 50 தோட்டா சுடும் தேர்வு. 250 மதிப்பெண்ணுக்கு 175 எடுத்தால் தேர்ச்சி. பெரிய வித்தையெல்லாம் இல்லை.

இன்னொன்று, உரிமம் இல்லாமல் சுமப்பவர் வண்டியில் வேறு குற்றம் செய்துகொண்டிருக்கக் கூடாது. சாதாரண ஸ்பீடிங் டிக்கெட் இதில் சேராது. ரேஸ் விட்டு மாட்டினால் சேரும், ஏனென்றால் இங்கே நெடுஞ்சாலை ரேஸ் என்பது அதற்கு மேற்பட்ட வகைக் குற்றம். பைக்காரர்களில் யாரைச் சொல்கிறேன் என்று புரிந்திருக்கும்.

சட்டம் போதும். விழுந்தால் வெடிக்குமா?

இப்போது வருகிற தரமான பிஸ்டல்களில் விசையை முழுதாக இழுத்தால் ஒழிய தோட்டாவை அடிக்கும் ஊசி முன்னால் போகாதபடி உள்ளே தடுப்பு இருக்கிறது. கீழே விழுந்த அதிர்ச்சியில் மட்டும் சுடுவது மிக அரிது. அரிது என்றுதான் சொல்ல முடியும். சிக் சாவர் நிறுவனத்தின் பி320 ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பின்பக்கமாக விழுந்தால் சுடுகிறது என்று வெளியே வந்து, 2017 ஆகஸ்டில் அந்த நிறுவனமே இலவசமாக உள்பாகங்களை மாற்றித் தர முன்வந்தது. பழைய கௌபாய் பாணி ரிவால்வர்கள் கதையே வேறு. சுத்தியலுக்கு நேராகத் தோட்டா இருந்தால் சுத்தியலில் விழும் ஓர் அடியே போதும். அதனால்தான் பழைய ஆட்கள் ஆறு அறையில் ஐந்தை மட்டும் நிரப்பி, காலி அறை மேல் சுத்தியலை வைத்திருப்பார்கள். பெரிய குரூசர் பைக், தோல் வெஸ்ட், இடுப்பில் தாத்தா காலத்து ரிவால்வர் என்று போஸ் கொடுக்கிறவர்களைப் பார்த்தால் நான் கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் ஓட்டுவேன்.

ஆக, வெடிப்பது இரண்டாம் கவலை. முதல் கவலை, விழும்போது அந்த இரும்பு எங்கே இருக்கிறது என்பது. தோட்டா நிரம்பிய மேகசினோடு ஒரு கிளாக் 19 பிஸ்டல் ஏறக்குறைய 850 கிராம். கூர்மையான விளிம்புகள் உள்ள கட்டி அது. அதை உடம்பில் எங்கே கட்டினாலும் அங்கே எலும்பு இருக்கிறது.

முதுகின் நடுவில், பெல்ட்டுக்கு மேலே வைப்பதுதான் சினிமாவில் பிரபலம். பைக்கில் அதைவிட மோசமான இடம் கிடையாது. மல்லாக்க விழுந்தால் நேராகத் தண்டுவடத்தில் அடி. ஆயிரக்கணக்கில் செலவு செய்து முதுகுக் கவசம் உள்ள ஜாக்கெட் வாங்கிவிட்டு, கவசம் முடிகிற இடத்தில் இரும்பை வைப்பதில் என்ன அர்த்தம்? அடுத்து, தொப்புளுக்குக் கீழே முன்பக்கம். நடந்து போகிறவர்களுக்கு இப்போது இதுதான் பிடித்த இடம். பைக்கில் எதிலாவது நேராக மோதினால் உங்கள் இடுப்பெலும்பு பெட்ரோல் டேங்கில் போய் மோதும். நடுவில் பிஸ்டல் இருந்தால் அதன் குழல் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும் என்று யோசியுங்கள். மோதலே வேண்டாம், ஸ்போர்ட்ஸ் பைக்கில் குனிந்து உட்கார்ந்தாலே அரை மணி நேரத்தில் வயிற்றைக் குத்தி எடுத்துவிடும்.

வலது இடுப்பில், எலும்புக்குச் சற்றுப் பின்னால் வைப்பது பரவாயில்லை. நிமிர்ந்து உட்காரும் பைக் என்றால் வசதியும்கூட. ஆனால் காற்றில் சட்டை தூக்கும், குனிந்தால் ஜாக்கெட் மேலேறும், பின்னால் வருகிற கார்க்காரருக்குக் கைப்பிடி நன்றாகத் தெரியும். டெக்சஸில் ஹோல்ஸ்டருக்குள் (துப்பாக்கி உறை) இருக்கிறவரை தெரிந்தாலும் சட்டப்படி தப்பில்லை. மறைத்துத்தான் வைக்க வேண்டும் என்கிற மாநிலத்துக்குள் போனால் சிக்கல்.

மார்பில் குறுக்காகக் கட்டும் பட்டை ஹோல்ஸ்டரை ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொள்வது நீண்ட பயணம் போகிறவர்களிடம் பிரபலம். உட்கார்ந்திருக்கையில் உறுத்தாது, குனிந்தாலும் வெளியே தெரியாது. குப்புற விழுந்தால் விலா எலும்பு. எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று போகத்தான் செய்யும்.

எனக்குச் சுத்தமாகப் பிடிக்காதது தோல் வெஸ்ட்டின் உள்பக்கத் துப்பாக்கிப் பை. இங்கே பைக் கடைகளில் விற்கிற பாதி வெஸ்ட்டுகளில் அது இருக்கிறது. விசையை மூடுகிற கெட்டியான உறை இல்லாமல் வெறும் துணிப் பைக்குள் போடுகிறார்கள். சாவியும் சில்லறையும் அதே பையில். அதைவிட, சாப்பிட உட்காரும்போது வெஸ்ட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டுவார்கள். இப்போது துப்பாக்கி நாற்காலியில் தொங்குகிறது, ஐயா பாத்ரூமில் இருக்கிறார்.

உடம்பு வேண்டாம், டேங்க் பேக்கிலோ பக்கப் பெட்டியிலோ போடலாமே என்பீர்கள். விழும்போது நீங்களும் பைக்கும் ஒன்றாகப் போவதில்லை. நீங்கள் பள்ளத்தில் கிடப்பீர்கள், பை சாலை நடுவில் கிடக்கும், உதவிக்கு ஓடி வருகிறவர்களில் யாரோ ஒருவர் அதைத் தூக்குவார். உடம்போடு இருந்தால் காயம், பைக்கோடு இருந்தால் ஊரார் கையில். நான் சுமக்கிற அபூர்வமான நாட்களில் உடம்போடுதான், வலது இடுப்பில், விசையை முழுக்க மூடும் கைடெக்ஸ் (கெட்டிப் பிளாஸ்டிக்) உறையில், கெட்டியான பெல்ட்டில். ஹோல்ஸ்டர் ஸ்க்ரூக்களில், கழலாமல் பிடிக்கும் லாக்டைட் பசை ஒரு சொட்டு போட்டுவிடுங்கள், வி-ட்வின் எஞ்சினின் அதிர்வு எதையும் கழற்றிவிடும். ஆகஸ்ட் மாத வியர்வையில் துருவும் பிடிக்கும், அவ்வப்போது துடைத்து எண்ணெய் போட வேண்டும். ஜாக்கெட்டின் இடுப்புப் பகுதியில் இழுத்துக் கட்டும் கயிறு இருந்தால் வெட்டிவிடுங்கள். பிஸ்டலை உறையில் திருப்பி வைக்கும்போது அந்தக் கயிறு விசையில் சிக்கிக்கொண்டால் சொந்தத் தொடையில்தான் சுடும். பைக் கையுறை போட்ட கையோடு எடுக்கவும் கூடாது, வைக்கவும் கூடாது. அந்தத் தடித்த விரலுக்கு எதைத் தொடுகிறோம் என்றே தெரியாது.

சரி, ஓடும்போது அதனால் என்ன பயன்? ஒன்றுமில்லை. வலது கையில் ஆக்சிலரேட்டரும் முன் பிரேக்கும் இருக்கின்றன. அந்தக் கையை எடுத்தால் வண்டி தளர ஆரம்பிக்கும், முன் பிரேக்கும் கிடையாது. கார்க்காரன் கோபத்தில் துரத்தினால் உங்களிடம் இருக்கிற ஆயுதம் ஆக்சிலரேட்டர்தான். அடுத்த எக்ஸிட்டில் இறங்கி, ஆள் நடமாட்டம் உள்ள பெட்ரோல் பங்கில் நிறுத்தி 911-ஐக் கூப்பிடுங்கள். இடுப்பில் துப்பாக்கி இருக்கிறது என்கிற தெம்பில் சிக்னலில் நின்று பதிலுக்குக் கை காட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தெம்புதான் எனக்குப் பயம்.

பயன் என்று ஏதாவது இருந்தால் அது வண்டி நின்ற பிறகுதான். லேக்கி ஊரைச் சுற்றி 335, 336, 337 என்று மூன்று ராஞ்ச் ரோடுகள் இருக்கின்றன. 'ட்விஸ்டட் சிஸ்டர்ஸ்' என்பார்கள், டெக்சஸ் பைக்காரர்களின் கோவில் அது. அங்கே பல மைலுக்கு மொபைல் சிக்னல் கிடையாது. தனியாகப் பஞ்சராகி நிற்கும்போது, அல்லது இரவில் கூடாரம் போடும்போது, காட்டுப்பன்றியோ வேண்டாத மனிதரோ வந்தால் என்று சுமப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நானும் கூடாரம் போடுகிற பயணத்துக்கு மட்டும்தான் எடுப்பேன். ஆனால் அந்தச் சாலைகளில் ஆளைக் கொல்வது மணலும், குருட்டு வளைவும், அந்தி நேரத்தில் குறுக்கே பாயும் மானும். 2023-இல் அமெரிக்கா முழுவதும் 6,300-க்கும் மேற்பட்ட பைக்காரர்கள் சாலையில் செத்திருக்கிறார்கள். ஓடிய தூரத்துக்குக் கணக்குப் போட்டால் காரில் போகிறவரைவிட இருபது மடங்குக்கும் அதிகமான ஆபத்து. டெக்சஸில் 21 வயதுக்கு மேல் காப்பீடோ பயிற்சிச் சான்றோ இருந்தால் ஹெல்மெட் போட வேண்டாம். இடுப்பில் 600 டாலர் பிஸ்டல், தலையில் வெறும் கைக்குட்டை என்று போகிறவர்களைப் பார்த்தால் எதற்குப் பயப்படுகிறார்கள் என்றே எனக்குப் புரிவதில்லை.

நின்ற பிறகு வருகிற தலைவலி வேறு: எங்கே விடுவது? கார்க்காரர் பூட்டிவிட்டுப் போய்விடுவார். நீதிமன்றம், பள்ளி, வருமானத்தில் பாதிக்கு மேல் மதுவில் வருவதால் வாசலில் சிவப்பில் '51%' பலகை வைத்திருக்கும் பார், ஓர் அங்குல எழுத்தில் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் '30.06' என்கிற துப்பாக்கித் தடை அறிவிப்பு ஒட்டிய கடை, இதற்குள் எல்லாம் கொண்டு போகக் கூடாது. பைக்கின் பக்கப் பெட்டிப் பூட்டு ஒரு ஸ்க்ரூடிரைவருக்குத் தாங்காது. இரும்புக் கம்பியால் சட்டத்தோடு பிணைக்கிற சின்னப் பெட்டகம் வாங்கலாம், அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான்.

இந்த 'வண்டியில் விட்டுவிட்டு வந்தேன்' விஷயத்துக்கு டெக்சஸில் ஒரு சோகமான வரலாறு உண்டு. 1991 அக்டோபர் 16 அன்று கில்லீன் ஊரில் ஓர் உணவகத்துக்குள் ஒருவன் பிக்கப் டிரக்கை ஏற்றி, பிறகு துப்பாக்கியால் சுட்டு 23 பேரைக் கொன்றான். அங்கே பெற்றோருடன் சாப்பிட வந்திருந்த சூசனா ஹப், அன்றைய சட்டத்துக்குப் பயந்து தன் துப்பாக்கியைக் காரில் விட்டிருந்தார். அப்பா, அம்மா இருவரையும் இழந்தார். அவருடைய சாட்சியங்களுக்கும் பிரசாரத்துக்கும் பிறகுதான் 1995-இல் மறைத்துச் சுமக்கும் உரிமச் சட்டமே வந்தது. இங்கே துப்பாக்கி பற்றிப் பேசினால் ஆட்கள் ஏன் அவ்வளவு உணர்ச்சிவசப்படுகிறார்கள் என்பதற்கு அதுவும் ஒரு காரணம். அவர்கள் எல்லாரையும் முட்டாள்கள் என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள்.

போலீஸ் நிறுத்தினால்: எஞ்சினை அணைத்து, இரண்டு கையையும் டேங்க் மேல் தெரியும்படி வையுங்கள். லைசென்ஸ் எடுக்க இடுப்புப் பக்கம் தானாகக் கை போகக் கூடாது. பைக்காரருக்குப் பர்ஸும் பிஸ்டலும் பெரும்பாலும் ஒரே பக்கத்தில் இருப்பதால் இதைச் சொல்கிறேன். பர்ஸை மார்புப் பைக்கு மாற்றிவிடுங்கள். உரிமம் உள்ளவர், அடையாள அட்டை கேட்கும்போது அதோடு உரிமத்தையும் காட்ட வேண்டும். "இடுப்பில் இருக்கிறது, என்ன செய்யட்டும்?" என்று கேட்டுவிட்டு அசையாமல் இருங்கள், அவர் வேண்டுமென்றால் அவரே எடுத்து வைத்துக்கொள்வார். பைக் கிளப்பின் பேட்ச் தைத்த வெஸ்ட் போட்டிருந்தால் இன்னும் கவனம். 2015 மே மாதம் டெக்சஸின் வேகோ ஊரில் இரண்டு பைக் கிளப்களின் மோதலில் 9 பேர் செத்து 177 பேர் கைதானார்கள். கடைசியில் ஒருவர் மேலும் குற்றம் நிரூபணமாகவில்லை, ஆனால் அவர்களில் பலர் வேலையை இழந்தது இழந்ததுதான்.

மாநில எல்லை தாண்டும் பயணம் என்றால், டெக்சஸ் உரிமம் கலிஃபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் வெறும் பிளாஸ்டிக் அட்டை. அந்த மாதிரி மாநிலத்தைக் கடந்து மட்டும் போவதற்கு 1986-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு வழி கொடுக்கிறது: புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் சுமப்பது சட்டப்படி சரியாக இருக்க வேண்டும், தோட்டா கழற்றியிருக்க வேண்டும், தனி டிக்கி இல்லாத வண்டியில் பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். பைக்குக்கு டிக்கி கிடையாது, ஆகவே பூட்டிய பெட்டிதான். ரூட் போடும்போதே இதையும் பார்த்துவிடுங்கள் என்று உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள். அப்படியே அவர் எந்த விசாவில் இருக்கிறார் என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.