அப்பாவின் பாட்டு நோட்டு

அன்புள்ள ஐயா,

வணக்கம். சொந்த ஊர் திருமங்கலம், வேலை கோயம்புத்தூரில். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பரணை ஒதுங்க வைத்தோம். ஒரு தகரப் பெட்டியில் அப்பாவின் பழைய சாமான்கள் கிடந்தன. ஒரு கட்டு சினிமா பாட்டுப் புத்தகம், கூடவே அட்டை கிழிந்த நீள நோட்டு ஒன்று. நோட்டு முழுக்கக் கையால் எழுதிய பாட்டுகள். சில பக்கங்களில் 1974, 1975 என்று போட்டிருக்கிறது. நடுவில் நாலைந்து இந்திப் பாட்டு, தமிழ் எழுத்தில்! அப்பாவுக்கு இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. "எதுக்குப்பா எழுதுனீங்க?" என்றால் "அது அப்ப" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் எப்போதும் அப்படித்தான்.

இளையராஜா வரும்வரை தமிழ்நாடே இந்திப் பாட்டுத்தான் கேட்டது என்று யூடியூபில் பலர் சொல்கிறார்கள். இந்தியை எதிர்த்த ஊரில் அது எப்படி நடந்தது? உங்கள் வயதுக்காரர்கள் விடலைப் பருவத்தில் பாட்டு கேட்ட கதையைக் கொஞ்சம் எழுதுங்களேன். அது ஒரு பொற்காலம் என்று எல்லாரும் சொல்கிறீர்கள், எங்களுக்கும் தெரியட்டும்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

இந்திப் பாட்டு விவகாரத்தை முதலில் பார்த்துவிடலாம். யூடியூபில் சொல்வது பொய்யில்லை. ஆனால் சொல்கிறவர்கள் யார் என்று பாருங்கள். அன்று நகரத்தில் கல்லூரிக்குப் போனவர்கள். பிற்பாடு எழுத வந்ததும் பேட்டி கொடுக்க வந்ததும் அவர்கள்தான். அதனால் அவர்கள் கேட்டதே தமிழ்நாடு கேட்டதாக ஆகிப்போனது. 'ஆராதனா' 1969, 'பாபி' 1973. இங்கே இரண்டுக்கும் நல்ல கூட்டம். தமிழ் சினிமாவே அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது. 1974இல் 'ஆராதனா' சிவாஜிக்கு 'சிவகாமியின் செல்வன்' ஆனது. அடுத்த வருஷம் 'யாதோன் கி பாராத்' எம்.ஜி.ஆருக்கு 'நாளை நமதே' ஆனது. இரண்டுக்கும் எம்.எஸ்.விஸ்வநாதன்தான் இசை.

எதிர்ப்பைப் பற்றிக் கேட்டீர்கள். 1965 ஜனவரி 25ஆம் தேதி மதுரையில் மாணவர் ஊர்வலத்தில் தொடங்கிய கைகலப்புதான் பிறகு மாநிலம் முழுக்கப் பற்றிக்கொண்டது. அந்த ஊர்வலத்தில் போன அண்ணன்மாரின் தம்பிகள் பத்து வருஷம் கழித்து கிஷோர்குமார் பாட்டை விசிலடித்தார்கள். யாருக்கும் அதில் உறுத்தல் இல்லை. பரீட்சையில் எழுதச் சொன்னால்தான் சண்டை. பாட்டை யாரும் பரீட்சைக்கு வைக்கவில்லையே.

ஆனால் இதெல்லாம் டவுன் கதை. நான் சோழவந்தான் பக்கம். கொடிக்காலும் நெல்லுமாக இருந்த ஊர். அங்கே எங்கள் பாட்டைத் தீர்மானித்தவர் மைக் செட் அண்ணன். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், ஜெனகை மாரியம்மன் கோயில் வைகாசித் திருவிழா எதுவானாலும் முந்தின நாள் சாயங்காலமே மாட்டு வண்டியில் அவர் சாமான் வந்து இறங்கும். இரண்டு கூம்புக் குழாய், ஒரு ஆம்ப்ளிஃபயர், ரிக்கார்டு பிளேயர், தகரப் பெட்டி நிறைய இசைத்தட்டு. குழாயைத் தென்னை மரத்தில் ஏற்றிக் கட்டுவதற்குள் நாங்கள் சுற்றி உட்கார்ந்துவிடுவோம். தட்டை உறையிலிருந்து எடுத்து, விளிம்பை மட்டும் இரண்டு உள்ளங்கையிலும் பிடித்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். கீறல் இருந்தால் அவர் முகத்திலேயே தெரிந்துவிடும். ஊசி ஒரே இடத்தில் நின்று சொன்னதையே சொல்ல ஆரம்பித்தால் சட்டைப் பையிலிருந்து நாலணாவை எடுத்து ஊசித் தலைமேல் வைப்பார். அந்தக் கனத்தில் கீறலைத் தாண்டிவிடும். பெட்டியைத் தொட எங்களுக்கு அனுமதி கிடையாது. அவருக்கு டீ வாங்கி வந்து கொடுத்தவன் ஒரு பாட்டு கேட்டு வாங்கலாம், அவ்வளவுதான் சலுகை.

முதல் தட்டு சீர்காழி குரலில் பிள்ளையார் பாட்டு. அடுத்து முருகன், டி.எம்.எஸ். பிறகு கதை வசனத் தட்டு. 'திருவிளையாடல்' தருமி வசனம் மனப்பாடமாகத் தெரியாத ஆள் எங்கள் ஊரில் இருந்ததில்லை. அதற்குப் பிறகுதான் காதல் பாட்டு. 'பட்டிக்காடா பட்டணமா' 1972இல் வந்தது. கதை நடப்பதே சோழவந்தானில், கதாநாயகன் சோழவந்தான் மூக்கையா. அந்த வருஷம் எங்கள் பக்கத்தில் வேறு தட்டு எதற்கும் வேலை இல்லை. டவுன் பையன்கள் ராஜேஷ் கன்னா மாதிரி தலையை ஆட்டிக்கொண்டிருந்தபோது எங்கள் மாமாக்கள் மூக்கையா மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார்கள். பாடிய டி.எம்.சௌந்தரராஜனும் மதுரைக்காரர், சௌராஷ்டிரா வீட்டுப் பிள்ளை. அந்தப் பெருமையும் சேர்ந்துகொண்டது.

ஆக, 1975இல் மதுரை வட்டாரத்தில் எந்தப் பாட்டு கேட்டார்கள் என்று கேட்டால், எங்கே நின்று கேட்டார்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். டவுன் ஹால் ரோட்டு ஹோட்டலில் ஒன்று, டூரிங் கொட்டகை மணலில் ஒன்று. பஞ்சாயத்து ரேடியோவில் ஆகாசவாணி, அதில் பாட்டை விட வேளாண்மைச் செய்தி அதிகம். எந்த இடத்திலும் முள்ளைத் திருப்பும் கை எங்களுடையதில்லை. பிடிக்காத பாட்டையும் முழுசாகக் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆங்கிலப் பாட்டைப் பற்றியும் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். 1970இல் பீட்டில்ஸ் பிரிந்ததற்குச் சோழவந்தானில் யாரும் துக்கம் கொண்டாடவில்லை.

எங்களுக்கென்று இருந்தது இலங்கை வானொலி. மதுரைக்கு அப்போது தனி வானொலி நிலையம் கிடையாது. திருச்சியை விடக் கொழும்பு எங்களுக்குத் துல்லியமாகக் கேட்டது, அதுவும் இருட்டிய பிறகு கேட்கவே வேண்டாம். காலையில் 'பொங்கும் பூம்புனல்'. கே.எஸ்.ராஜா மூச்சு விடாமல் பேசுவார், பி.எச்.அப்துல் ஹமீது ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்தி உச்சரிப்பார். பாட்டுக்கு முன்னால் படம், பாடியவர், எழுதியவர், இசை என்று பெயர்களை வரிசையாகச் சொல்வார்கள். ஒரு பாட்டுக்குப் பின்னால் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே எனக்கு அப்படித்தான் தெரியும். விரும்பிக் கேட்டவர்கள் பட்டியலில் உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் என்று நம் பக்கத்து ஊர்ப் பெயர்கள் கடல் தாண்டிப் போய்த் திரும்பி வரும். ஒரு பெயர் வாசிக்கப்பட்டால் அந்த ஆள் ஒரு வாரத்துக்கு டீக்கடையில் காசு கொடுக்க வேண்டியதில்லை.

இப்போது உங்கள் அப்பாவின் நோட்டுக்கு வருகிறேன்.

பாட்டு காற்றில் வரும், போய்விடும். தட்டு வாங்கக் காசில்லை, வாங்கினாலும் போட மெஷின் இல்லை. கையில் வைத்துக்கொள்ள இருந்த ஒரே வழி எழுதிவைப்பது. படம் வந்துவிட்டால் கொட்டகை வாசலில் சில்லறைக் காசுக்குப் பாட்டுப் புத்தகம் கிடைக்கும். முன்னால் நடிகர் பட்டியல், பிறகு கதைச் சுருக்கம், கதை சூடு பிடிக்கிற இடத்தில் 'மீதியை வெள்ளித்திரையில் காண்க'. பின்னால் பாட்டுகள், அச்சுப்பிழைகளோடு. புத்தகம் கிடைக்காத பாட்டுக்கு ரேடியோதான். அதற்கு இரண்டு பேர் வேண்டும். முதல் வரியை ஒருவன், இரண்டாம் வரியை அடுத்தவன் என்று மாற்றி மாற்றி எழுதுவோம். ஒருவன் எழுதும் நேரத்தில் அடுத்தவன் காதைக் கொடுப்பான். பாட்டு முடிந்ததும் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துக் கோர்ப்போம். சரணத்தில் எப்போதும் ஓட்டை விழும். அந்த இடத்தைக் கோடு போட்டு விட்டுவிட்டு, அந்தப் பாட்டு மறுபடி வரும்வரை காத்திருக்க வேண்டும். அது ஒரு வாரமும் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம்.

உங்கள் அப்பா எழுதிய இந்திப் பாட்டுகளும் இந்த வகைதான். அர்த்தம் அதில் ஒரு கணக்கே இல்லை. சத்தத்தைப் பிடித்து எழுத்தில் அடைப்பதுதான் வேலை. இந்தியில் நாலு வகை 'க' இருக்கிறது, நம்மிடம் ஒன்றுதான். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு எழுதிவைத்து, பிறகு பார்த்துப் பாடினால் கிஷோர்குமாருக்கே அடையாளம் தெரியாது. ஆனால் மதுரைப் பாசஞ்சரில் ஏறும் பையன்களுக்கு நடுவில் அதைப் பாடத் தெரிந்தவனுக்கு ஒரு மவுசு இருந்தது. பெல்பாட்டம் போட்டவனுக்கு இருந்த அதே மவுசு. (அந்தப் பேண்ட்டின் கீழ் விளிம்பு ரோட்டைக் கூட்டிக் கூட்டிக் கிழியும் என்று ஜிப் வைத்துத் தைப்பார்கள். அதையும் மீறி சைக்கிள் செயினில் மாட்டி, நடு ரோட்டில் ஒற்றைக் காலில் நின்றவர்கள் பல பேர்.) படித்து வேலைக்குப் போகப் போகிறவன், ஊரை விட்டு வெளியே போகப் போகிறவன் என்று தன்னைக் காட்டிக்கொள்ள அன்று கைக்கு எட்டிய அடையாளம் இந்திப் பாட்டு. உங்கள் அப்பாவும் அப்படி நினைத்திருக்கலாம்.

1976 மே மாதம் இளையராஜாவின் முதல் படம் 'அன்னக்கிளி' வந்தது. நான் பி.யு.சி. (கல்லூரிப் புகுமுக வகுப்பு) பரீட்சை எழுதிவிட்டு ஊரில் சும்மா இருந்த நேரம். டீக்கடை ரேடியோவில் அந்த நெல்லுக் குத்துகிற பாட்டு வந்தபோது பெஞ்சில் இருந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். "இதென்னப்பா, நடவுக்கு வர்ற பொம்பளைக பாடுற மாதிரில்ல இருக்கு. இதப் போயி தட்டுல போட்டுருக்கான்!" என்றார் ஒருவர். டவுனில் படித்துக்கொண்டிருந்த என் சேக்காளி முகத்தைச் சுளித்தான், பட்டிக்காட்டுப் பாட்டு என்றான். அவன் அதுவரை 'பாபி' பாட்டைத் தவிர வேறு முணுமுணுத்ததில்லை. ஓரமாக உட்கார்ந்திருந்த கட்சிக்காரர் ஒருவர்தான், "பாவலர் தம்பிப்பா. பண்ணைப்புரத்துப் பயக" என்றார். பாவலர் வரதராஜனும் தம்பிகளும் இந்தப் பக்கத்து கம்யூனிஸ்ட் மேடைகளில் ஆர்மோனியப் பெட்டியோடு பாடியதை அவர் தலைமுறை நேரில் கேட்டிருந்தது. பண்ணைப்புரம் அன்று மதுரை மாவட்டம், தேனி பிரிந்தது 1996இல்தான்.

எனவே இளையராஜா வந்து இந்தியைத் துரத்தினார் என்ற வாசகம் எனக்கு ஒப்பவில்லை. எங்கள் ஊரில் துரத்த இந்தி இருந்ததே இல்லை. நடந்தது வேறு. வயலில் எங்கள் அம்மாக்கள் பாடியது, டவுனுக்குப் போனால் நாங்கள் வாய்விட்டுச் சொல்லக் கூசியது, வயலினும் கிதாரும் சூழ ரேடியோவில் வந்தது. சிரித்தவர்களே பத்து நாளில் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். என் சேக்காளியும்தான், யாரும் பார்க்காதபோது. அதே படத்தில் தலைப்புப் பாட்டின் சோக வடிவத்தைப் பாடியவர் டி.எம்.எஸ். ஒரு காலம் முடிந்து இன்னொன்று தொடங்கியதாகப் பிரித்துப் பேசுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

பொற்காலம் என்கிறீர்கள். அந்த டீக்கடை பெஞ்சில் எல்லாரும் உட்கார முடியாது, தம்பி. தெருவோரம் குத்தவைத்து, தனி டம்ளரில் டீ வாங்கிக் குடித்துக்கொண்டே அதே பாட்டைக் கேட்டவர்கள் இருந்தார்கள். தென்னை மரத்துக் குழாய் மட்டும்தான் ஆள் பார்த்துப் பாடவில்லை. பெண் பிள்ளைகள் நிலைமை இன்னும் மோசம். என் அக்காவை வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திவிட்டார்கள். கொட்டகைக்கு வருஷத்தில் ஒன்றிரண்டு தடவை, அதுவும் வீடு மொத்தமும் கிளம்பினால். ஆனால் அடுப்படியில் இருந்தபடியே பக்கத்து வீட்டு ரேடியோவை விடியற்காலையிலிருந்து கேட்பாள். நாங்கள் கோடு போட்டு விட்ட ஓட்டைகளை அடைத்தது அவள்தான். நோட்டை அடுப்படிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால், அரிசி களைந்த ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, விட்டுப்போன வரியைப் பென்சிலில் எழுதித் தருவாள். எங்கள் ஊர்ப் பையன்களின் நோட்டுகளில் பாதிச் சரணங்கள் இப்படி யாராவது ஓர் அக்காவோ தங்கச்சியோ எழுதியவை. இந்தக் கதையை மட்டும் யூடியூபில் யாரும் சொல்லக் காணோம்.

பிறகு கேசட் வந்தது. சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் வந்தவர்கள் ரேடியோவும் கேசட்டும் ஒன்றாக இருக்கும் டூ-இன்-ஒன் கொண்டுவந்தார்கள், டவுனில் ரிக்கார்டிங் சென்டர்கள் முளைத்தன. தாளில் பட்டியல் எழுதிக் கொடுத்தால் வேண்டிய பாட்டை வேண்டிய வரிசையில் பதிந்து தந்தார்கள். மைக் செட் அண்ணன்கூட கேசட்டுக்கு மாறினார். நோட்டுகள் உங்கள் அப்பாவுடையது போலப் பரணுக்குப் போயின. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. கேட்க ஆசைப்பட்ட பாட்டை ஆசைப்பட்ட நேரத்தில் கேட்க முடிந்ததுபோல் சந்தோஷம் வேறில்லை.

அந்தப் பாட்டுப் புத்தகங்களை லேமினேட் செய்துவிடாதீர்கள். நடுவில் இருக்கும் பின் துருப்பிடித்துத் தாளைத் தின்றுகொண்டிருக்கும், மெதுவாகக் கழற்றிவிட்டு நூலால் தைத்து வையுங்கள். நோட்டைப் புரட்டும்போது, சரணங்களில் நடுநடுவே வேறு கையெழுத்து, அதிலும் பென்சிலில், இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அப்பாவை விட்டுவிட்டு உங்கள் அத்தையிடம் போய்க் கேளுங்கள். அவர் "அது அப்ப" என்று எழுந்து போக மாட்டார்.

அன்புடன்.